சீனாவின் புது ஆஃப்-ரோடு பைக் வேலூருக்கு எப்போது வரும், அட்வான்ஸ் கட்டலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சீனாவில் தயாராகும் 450 சிசி ஆஃப்-ரோடு பைக்கை வீடியோவில் பார்த்திருக்கிறார், ஐரோப்பாவில் விற்பனை தொடங்கிவிட்டது, இங்கே எப்போது வரும் என்பது அவர் கேள்வி. கூடவே இரண்டு விஷயம் சொல்கிறார். பெங்களூரில் ஒருவர் 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினால் முதல் லாட்டிலேயே வண்டி தருவதாகச் சொல்கிறாராம். மஸ்கட்டில் மாமா இருக்கிறார், அங்கே வாங்கிக் கொண்டுவந்துவிடலாமா என்றும் யோசனை.

தம்பி, கேள்வி "எப்போது" என்று தொடங்கினாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. எந்த அடையாளத்தை நம்பிக் காத்திருப்பது, எதை நம்பிப் பணத்தைக் கையை விட்டு விடுவது என்பதுதான் அது. தேதியை நான் சொல்ல முடியாது. எவர் சொன்னாலும் அது ஊகம்தான். ஆனால் வண்டி வரும் வழியில் எந்த இடத்தில் எவ்வளவு நாள் நிற்கும், ஏன் நிற்கும் என்பதைச் சொல்லலாம். வேலூர் மாவட்டத்தில் அந்த வண்டிக்கு ஆர்.சி. கிடைக்குமா என்பதை முன்கூட்டியே பார்க்கவும் வழி இருக்கிறது.

முதலில் வழியைப் பார்ப்போம். இந்த வண்டிகளின் அறிமுகம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் நடக்கும். ஒன்று செப்டம்பர் வாக்கில் சோங்சிங் நகரத்துக் கண்காட்சி, மற்றது நவம்பரில் மிலன் நகரத்து எய்க்மா கண்காட்சி. மேடையில் நிற்பது பல நேரம் கையால் முடித்த மாதிரி வண்டி. அதன்பின் அச்சுகள் முடிய வேண்டும், உதிரி பாகம் தருபவர்கள் தயாராக வேண்டும். ஜனவரிக் கடைசிக்கும் பிப்ரவரிக்கும் நடுவே சீனப் புத்தாண்டு வரும், தொழிலாளர்கள் சொந்த ஊர் போவார்கள், லைன் ஓடாது. திரும்பி வந்து பழைய வேகம் பிடிக்கவே சில வாரம் ஆகும். அதனால் நவம்பரில் காட்டிய வண்டி அடுத்த கோடையில்தான் சீனக் கடைகளுக்கே வருகிறது என்றால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பாவுக்கு அவர்களுடைய புகை விதியான யூரோ 5 பிளஸ் சான்று தனியாக வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அங்கே விற்கும் புது வண்டி எல்லாவற்றுக்கும் அது கட்டாயம்.

கப்பலைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு சீனாவிலிருந்து ஐரோப்பா போன கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் அங்கே வாங்குபவர்கள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய புலம்பலைப் படித்துவிட்டு இங்கேயும் அதனால்தான் தாமதம் என்று நினைக்க வேண்டாம். ஷாங்காய் அல்லது நிங்போவிலிருந்து சென்னைக்கு வரும் பெட்டி மலாக்கா ஜலசந்தி வழியாக வருகிறது, செங்கடலைத் தொடுவதே இல்லை. வழியில் சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ கப்பல் மாறினாலும் மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் சென்னைக்கோ காட்டுப்பள்ளிக்கோ வந்துவிடும். சோங்சிங் உள்நாட்டு ஊர் என்பதால் அங்கே தயாராகும் வண்டி யாங்சே ஆற்றில் இறங்கி வர இன்னும் ஒன்றிரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். வண்டி மாதக்கணக்கில் நிற்பது கடலில் அல்ல, காகிதத்தில்.

இந்தியாவில் ஒரு மாடலைச் சாலையில் விற்க மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி டைப் அப்ரூவல், அதாவது அந்த மாடல் நம் விதிகளுக்குப் பொருந்துகிறது என்ற சான்று, வேண்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்களில் அதைச் செய்வார்கள். புகை, ஆவியாகும் பெட்ரோல், சத்தம், பிரேக், விளக்கு, மின்காந்த இடையூறு என்று வரிசையாகச் சோதனை. பி.எஸ்.6 புகை விதி மட்டும் போதாது, 2025 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. 2பி நிலையும் வேண்டும். அதாவது சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் கெட்டுப்போவதையும் வண்டியின் கம்ப்யூட்டரே கண்காணித்து விளக்குப் போட்டுக் காட்ட வேண்டும். யூரோ 5 பிளஸ் வாங்கிய வண்டிக்கு இது எட்டாத உயரமில்லை. ஆனால் தனியாக இன்ஜின் கம்ப்யூட்டர் அமைப்பு (மேப்பிங்), தனியாகச் சோதனை, தனியாகச் செலவு.

இதில் பலர் எண்ணிப் பார்க்காத சின்னச் சமாச்சாரங்களும் உண்டு. விதி 123 பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் படி, பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, அதாவது நாம் சொல்லும் சாரி கார்டு, எல்லாம் கேட்கிறது. ஒற்றை சீட்டோடு ராலிக்கென்று செய்த வண்டியின் பின் சட்டத்தில் பின்னால் ஒருவரை ஏற்றும் பலமே இருக்காது. அதற்குக் கைப்பிடியும் படியும் வைப்பதென்றால் சட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயம். டயர், ரிம் இரண்டுக்கும் பி.ஐ.எஸ். முத்திரை கேட்பார்கள். 18 இன்ச் பின் சக்கரத்துக்கு அந்த முத்திரையோடு குமிழ் டயர் தேடுவதே ஒரு வேலை. ஹெட்லைட் இன்னொன்று. சீனாவிலும் ஐரோப்பாக் கண்டத்திலும் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் அவர்கள் லோ பீம் வலப்பக்கம் தூக்கி அடிக்கும். நம் ரோட்டில் அது எதிரே வருகிறவன் கண்ணில் போய் விழும். இரவில் வண்டியைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு இடப்பக்கம் ஏறினால் நம் ஊருக்கானது, வலப்பக்கம் ஏறினால் அல்ல. தட்டையாக இருந்தால் இரண்டுக்கும் பொது.

இவ்வளவும் முடிய, ஒரு நிறுவனம் முழு மனதோடு இறங்கினால்கூட, ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. இது தொழில் அனுபவக் கணக்கு, சட்டத்தில் எழுதிய கெடு அல்ல. வெளிநாட்டுச் சான்றை வைத்துக் குறைந்த எண்ணிக்கையில் இறக்க 2018 முதல் ஒரு சலுகை உண்டு. அது தயாரிப்பாளருக்கும் அவர் அங்கீகரித்த பிரதிநிதிக்கும்தான், உங்களுக்கோ எனக்கோ அல்ல. மேலும் 2020 ஏப்ரலில் வந்த பிரஸ் நோட் 3 என்ற மத்திய அரசு உத்தரவு, எல்லை ஒட்டிய நாடுகளின் முதலீட்டுக்கு அரசு அனுமதி கேட்கிறது. அதனால் சீன நிறுவனங்கள் தாங்களே கடை விரிக்காமல் இந்தியக் கூட்டாளி ஒருவரை வைத்தே வரப் பார்க்கின்றன. ஆதீஷ்வர் நிறுவனம் 2022-ல் சோன்டஸ், கியூ.ஜே. மோட்டார் என்ற சீன வண்டிகளைக் கொண்டுவந்தது அப்படித்தான். கூட்டாளி யார் என்று தெரியாதவரை வருகைத் தேதிக்கு அர்த்தமே இல்லை.

இப்போது விலை. ஐரோப்பிய விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து 4,00,000 ரூபாய்க்கு இறங்கும் ஒரு 450 சிசி வண்டி என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முழு வண்டியாக வந்தால் 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு சுங்க வரி 40 சதவீதம், 5,60,000 ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதைப் போட்டால் 7,84,000. சமூக நலக் கூடுதல் வரியும் டீலர் லாபமும் இன்னும் சேரவில்லை. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குச் சாலை வரி 12 சதவீதம், அது மட்டும் 94,000-க்கு மேல். அதே வண்டி இன்ஜின் உட்பட முழுக்கப் பாகங்களாக வந்து இங்கே பூட்டினால் சுங்கம் 10 சதவீதம்தான், ஜி.எஸ்.டி.யோடு சுமார் 6,16,000-ல் நிற்கும். முதல் லாட் முழு வண்டியாக வந்து, ஒரு வருடம் கழித்து இங்கே பூட்டத் தொடங்கியதும் விலை இறங்குவது இதனால்தான். சேசிஸ் நம்பரின் முதல் எழுத்து எல் என்றால் சீனாவில் முடிந்து வந்தது, எம் என்றால் பெரும்பாலும் இந்தியாவில் பூட்டியது. பத்தாவது எழுத்து வருடம்: ஆர் 2024, எஸ் 2025, டி 2026. இந்த இரண்டு எழுத்தைப் பார்த்தாலே பழைய சரக்கைப் புதிது என்று விற்கிறார்களா என்பது தெரியும்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். ஆசை புரிகிறது, ஆனால் இந்த வழி மூடியிருக்கிறது. 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் பிரிவு 2(3) பயணியின் லக்கேஜ் என்றால் என்ன என்று சொல்லும்போதே மோட்டார் வாகனத்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஊர் திரும்புகிறவர் டிவியும் பிரிட்ஜும் கொண்டுவருவது மாதிரி பைக்கைக் கொண்டுவர முடியாது. புது வண்டியாக இறக்குமதி செய்ய வேண்டுமென்றால், அது தயாரான நாட்டிலிருந்தே வர வேண்டும், வேறு எந்த நாட்டிலும் பதிவாகியிருக்கக் கூடாது. சீன வண்டியை மஸ்கட்டில் வாங்கினால் முதல் நிபந்தனையே உடைகிறது. அங்கே பதிவு செய்து ஓட்டிவிட்டால் அது பழைய வண்டி. பழையதற்கு வரி இன்னும் அதிகம், மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் வரலாம், டைப் அப்ரூவல் நிபந்தனையும் தொடரும். பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. மாமா அந்த நிலையில் இருந்தால், வண்டி வாங்குவதற்கு முன்பே உரிமம் பெற்ற சுங்க ஏஜெண்டிடம் காகிதத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்த விவரம் ஆளுக்கு ஆள் மாறும், பொதுவாக இங்கே எழுதித் தீர்க்கும் விஷயம் அல்ல.

பெங்களூர்க்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இந்த மாடலின் டைப் அப்ரூவல் சான்றிதழ் எண் என்ன? இரண்டு, பதிவாகாத புது வண்டியை வைத்து விற்க ஆர்.டி.ஓ. கொடுக்கும் டிரேட் சர்டிபிகேட் அவர் பெயரில் இருக்கிறதா? மூன்று, விற்பனைச் சான்றான ஃபார்ம் 21, வண்டி சாலை விதிக்குத் தகுந்தது என்று சொல்லும் ஃபார்ம் 22 இரண்டும் யார் கையெழுத்தில் வரும்? ஃபார்ம் 22-ஐத் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான் தர முடியும். அது இல்லாமல் வேலூரின் டி.என்.23 நம்பர் கிடைக்காது. இப்போதெல்லாம் பதிவு அரசின் வாகன் இணையத் தளத்தில் நடக்கிறது, அங்கே அப்ரூவல் ஆன மாடல் பட்டியலில் வண்டி இல்லையென்றால் டீலர் பில்லே ஏற்ற முடியாது. வேலூரில் எந்தக் கம்பெனி ஷோரூமிலும் பதிவு வேலை பார்க்கும் பையனிடம் கேளுங்கள், இதையேதான் சொல்வான். இந்த மூன்றுக்கும் பதில் வராமல் "முதல்ல புக் பண்ணுங்க, எல்லாம் பாத்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பதில் சரியாக இருந்தாலும், அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள். மாடல் பெயர், திருப்பித் தரும் கெடு, எந்தத் தேதிக்குள் வண்டி வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்பது ரசீதில் எழுதியிருக்க வேண்டும். பிரச்சினை வந்தால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் அந்த ரசீது இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

"ஆஃப்-ரோடு மட்டும், நம்பர் தேவையில்லை" என்று சொல்லி விற்கும் வண்டிகளையும் சொல்லிவிட வேண்டும். பதிவில்லாத வண்டி உங்கள் நிலத்துக்குள் ஓடலாம். கேட்டைத் தாண்டி ஊராட்சி ரோட்டில் பத்தடி உருட்டினாலும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 39 மீறல். முதல் முறை அபராதம் 5,000 ரூபாய் வரை. அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். யாரையாவது இடித்துவிட்டால் நஷ்ட ஈடு முழுக்க உங்கள் தலையில். பாலாற்று மணலுக்குப் போகவும் ரோட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்?

எந்தச் செய்திக்கு எவ்வளவு எடை என்பதையும் சொல்கிறேன். "இந்தியாவில் டிசைன் பதிவு செய்தது, விரைவில் அறிமுகம்" என்று வரும் செய்திக்கு எடை மிகக் குறைவு. வேறு யாரும் காப்பியடிக்காமல் இருக்கவும் டிசைனைப் பதிவு செய்வார்கள், விற்பனைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. கண்காட்சி ஸ்டாலில் வண்டி நின்றது என்றால் கொஞ்சம் எடை. மறைப்புத் துணியோடு சோதனை வண்டி ரோட்டில் ஓடுகிறது, அதில் சாரி கார்டு மாட்டியிருக்கிறது என்றால் நல்ல எடை. வேலை இந்திய விதிக்கு நடக்கிறது என்று அர்த்தம். அப்ரூவல் சான்று வந்து, டீலர் பட்டியலும் உதிரி பாக விலைப்பட்டியலும் வெளியானால் அப்போது காத்திருப்பதில் பொருள் உண்டு.

வண்டியே நல்லதா என்ற சந்தேகம் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. சீன வண்டி என்றாலே மட்டம் என்ற காலம் போய்விட்டது. பாலைவனத்தில் நடக்கும் 2023 டக்கார் ராலியில் கோவ் என்ற சீன நிறுவனம் இறக்கிய மூன்று வண்டிகளும் கடைசி வரை ஓடி முடித்தன. பலவீனம் இன்ஜினில் இருப்பதைவிட, பூட்டிய கையில் இருப்பதுதான் அதிகம். அதனால் முதல் லாட் வண்டி வாங்கினால் முதல் வாரத்தில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஸ்டியரிங் பேரிங், ஸ்விங் ஆர்ம், பின் ஷாக்கின் லிங்கேஜ் மூன்றையும் கழற்றினால் கிரீஸ் பூசிய மாதிரிதான் இருக்கும், அடைத்த மாதிரி இருக்காது. தண்ணீர் புகாத கிரீஸை ரோலர்களுக்கு நடுவே அழுத்தி நிரப்புங்கள். டிஸ்க் போல்ட், பின் ஸ்பிராக்கெட் போல்ட், பின் சட்டத்தின் போல்ட் ஒவ்வொன்றாகக் கழற்றி போல்ட் தளராமல் பிடிக்கும் நீல நிற திரெட் லாக்கர் பசை ஒரு சொட்டு விட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். மேனுவலில் வேறு அளவு இல்லையென்றால் எம்6 போல்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 22 முதல் 25 வரை.

ஸ்போக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுகியது "டிங்" என்று கணீரென்று கேட்கும், தளர்ந்தது மந்தமாகத் தட்டுப்படும். தளர்ந்ததைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, முழுச் சுற்றும் வந்த பிறகே மறுபடி பாருங்கள். ஒரே ஸ்போக்கைப் பிடித்து முழுதாக இறுக்கினால் ரிம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். புது வண்டியில் 100 கிலோமீட்டரிலும் 500-லும் இதைச் செய்யாமல் மலை ஏறினால் முதலில் ஒரு ஸ்போக் போகும், பின் அதன் பாரத்தைச் சுமக்கும் பக்கத்து ஸ்போக்குகள் போகும்.

நம் ஊர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் இரண்டு வார்த்தை. ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. உப்பும் சுண்ணாம்பும் படிந்து, கத்திரி வெயிலில் மெதுவாக ஏறும்போது ஃபேன் ஓடியும் சூடு இறங்காது. ரெடி மிக்ஸ் கூலண்ட் அல்லது டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. பாலாற்று மணல் மாவு மாதிரி, ஏர் ஃபில்டர் விளிம்பில் கிரீஸ் தடவாவிட்டால் ஓரம் வழியாக நுழைந்து பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். பெட்ரோல் இப்போது 20 சதவீத எத்தனால். இந்தியாவுக்கென்று அப்ரூவல் வாங்கிய வண்டிக்குக் கவலை இல்லை, மேனுவலில் ஈ10, அதாவது 10 சதவீத எத்தனால், என்று மட்டும் எழுதிய வெளிநாட்டு வண்டிக்கு ரப்பர் குழாயும் பம்ப்பும் சீக்கிரம் போகும்.

உதிரி பாகம்தான் காத்திருப்பின் இரண்டாம் பாகம். சக்கர பேரிங், ஆயில் சீல், செயின், டியூப் எல்லாம் உலகப் பொது அளவு, பேரிங்கின் பக்கவாட்டில் அடித்த நம்பரைச் சொன்னால் வேலூர் பேரிங் கடையிலேயே கிடைக்கும். ஆனால் கிளட்ச் கவர் கேஸ்கெட், வாட்டர் பம்ப் சீல், கிளட்ச் பிளேட், லிவர்கள், பெட்ரோல் பம்ப், சென்சார்கள் அந்த வண்டிக்கே உரியவை. வண்டியோடு சேர்த்தே லிவர் ஒரு ஜோடி, கியர் லிவர், ஆயில் ஃபில்டர் நான்கு, ஏர் ஃபில்டர் இரண்டு, பிரேக் பேட் இரண்டு செட், மேலே சொன்ன கேஸ்கெட், சீல் இவற்றை வாங்கிவிடுங்கள். அவர்களால் அன்றே தர முடியவில்லை என்றால் சர்வீஸ் எப்படி இருக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். சர்வீஸுக்கும் வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர், பெங்களூர் 210. ஒரு வாரண்டி வேலைக்கு இரண்டு முறை போய் வந்தால் என்ன செலவு என்பதையும் விலையோடு கூட்டுங்கள்.

உயரத்தையும் பாருங்கள். கோவ் 450 ராலியின் சீட் உயரம் 960 மில்லிமீட்டர், எடை எண்ணெய்கள் இல்லாமல் 145 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ன் சீட் 825, எடை எல்லாம் சேர்த்து 196. மணலில் லேசான வண்டி சுகம். ஆனால் ஐந்தரை அடி ஆளுக்குப் பீஞ்சமந்தை மாதிரி மலை ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கால் எட்டாவிட்டால் அந்தச் சுகம் அங்கேயே முடிந்துவிடும். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதும் கேள்வி. ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் பெரும்பகுதி காப்புக்காடு, தார் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் வனத்துறை வழக்குப் போடும். அதனால் நீங்கள் ஓட்டப்போவது பாதிக்கு மேல் ஊராட்சி ரோடும் ஜல்லிப் பாதையும்தான்.

என் யோசனை இதுதான், தம்பி. கூட்டாளி பெயரும் அப்ரூவலும் வெளிவராத இன்றைய நிலையில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். இந்த மழைக்காலத்துக்குள் ஓட்ட வேண்டும் என்றால் இங்கேயே விற்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210, கவாசாகி கே.எல்.எக்ஸ். 230, கே.டி.எம். 390 எண்டூரோ ஆர், ஹிமாலயன் 450 நான்கையும் ஓட்டிப் பார்த்து, கால் எட்டுவதை எடுங்கள். ஓட்டக் கற்றுக்கொள்ளும் முதல் வருடத்தில் எப்படியும் பத்து முறையாவது கீழே போடுவீர்கள், அப்போது லிவர் குடியாத்தத்திலேயே கிடைக்க வேண்டும். காத்திருக்கத்தான் வேண்டும் என்று மனசு சொன்னால் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு அடுத்த எய்க்மா முடியும் வரை பாருங்கள். அதற்குள் சாரி கார்டு மாட்டிய சோதனை வண்டி கண்ணில் படவில்லை என்றால் அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஆகும் என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.